பூ இருந்தால் மட்டும் போதுமா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற டயர்



பழைய கார்களைப் பேணிக் காப்பது பற்றி அண்மையில் நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் சாயம், இருக்கை, இஞ்சின் என்று நிறையவே பேசினோம். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் அரங்கில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "எல்லாத்தையும் பேசினீங்க தம்பி, காரைத் தாங்குற டயரைப் பத்தி ஒரு வார்த்தை வரலையே?" என்று கேட்டார். கையில் இருந்தது இரண்டே நிமிடம். அன்று சொல்லத் தொடங்கி முடிக்காமல் விட்டதை இந்த வாரம் முழுமையாக எழுதுகிறேன்.

எனக்கு இதைச் சொல்லும் தகுதி படித்து வந்ததல்ல. பட்டு வந்தது.

மாமாவின் கார்

என் தாய்மாமா தைப்பிங்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1971-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றைப் பிள்ளை போல வளர்த்தார். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் அது. ஐந்து லட்சத்திற்கும் மேல் விற்பனையானதால் இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

2017-இல் மாமா காலமானார். பிள்ளைகள் இல்லாத அத்தை, சாவியை என் கையில் கொடுத்து, "நீ எடுத்துக்கோப்பா, வெயில்ல நிக்க விடாதே" என்றார். பிரேக், எண்ணெய், வயரிங் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். டயரைப் பார்த்த பட்டறைக்காரர், "பூ நிறைய இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்" என்றார். நானும் நம்பினேன்.

2018 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. ஒன்பது வயதான அக்காள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் பின்பக்கம் 'தட், தட்' என்று ஒரு சத்தம். சாலை சரியில்லை என்று நினைத்தேன். அவள்தான், "மாமா, காடி நொண்டுது" என்றாள்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்கப் பின் டயரில், சாலையைத் தொடும் மேல் ரப்பர் ஒரு முழ நீளத்திற்குப் பிரிந்து தூக்கிக்கொண்டு நின்றது. காற்று மட்டும் இன்னும் இறங்கவில்லை. உதிரி டயரை மாட்டலாம் என்று பின்பெட்டியைத் திறந்தால், அதன் பக்கச் சுவரில் வறண்ட வயல் போல வெடிப்பு. அதுவும் மற்ற நான்கோடு சேர்த்து வாங்கியது.

இழுவை லாரியில் ஈப்போவுக்கு வந்தோம். அங்கே ஒரு சிறிய டயர் கடை அண்ணன் டார்ச் விளக்கை அடித்துப் பக்கச் சுவரில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 2206. "தம்பி, இது 2006-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செஞ்ச டயர். பன்னிரண்டு வயசு. நீங்க பூவைப் பாத்தீங்க, பொறந்த தேதியைப் பாக்கலை."

நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது அந்த ரப்பர் பிரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ரப்பருக்கும் வயது உண்டு

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பாய்ட் டன்லப், பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1888. அதே 1888-இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் பால் சீவும் முறையைப் பரப்பியவர் அவர். டயருக்குத் தேவை பெருகப் பெருக மலாயாவில் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் சீவியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். வெயிலில் கிடக்கும் ரப்பர் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டயரும் அப்படித்தான். வெப்பம், சூரிய ஒளி, காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோன் ஆகியவை ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கி வெடிக்கச் செய்கின்றன. இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் ரப்பருக்குள் மெழுகையும் பாதுகாப்பு இரசாயனங்களையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு நன்றாக வருகின்றன. ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரிவரக் கிடைப்பதில்லை.

தினமும் வேலைக்குப் போகும் காரில் டயர் மூன்று நான்கு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். தேய்ந்ததும் மாற்றிவிடுகிறோம். அதனால் வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டி வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய காரில் நிலைமை தலைகீழ். அங்கே டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்ற சட்ட அளவு, இந்தக் கார்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது. என் டயரில் அதைப்போல் நான்கு மடங்கு ஆழம் இருந்தது.

ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30-ஆம் தேதி கலிபோர்னியாவில் நடந்த விபத்தில் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர் பயணியாக அமர்ந்திருந்த போர்ஷே கரேரா ஜிடி காரை நண்பர் ஓட்டினார். கட்டுக்கடங்காத வேகமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை கூறியது. அதோடு, அந்தக் காரின் டயர்கள் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதையும், அதனால் காரின் பிடிமானம் குறைந்திருக்கலாம் என்பதையும் அதிகாரிகள் குறிப்பிட்டனர். அதுவும் அதிகம் ஓடாத கார்தான்.

ஆகவே முதல் விதி இது. பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று எண்கள் மட்டும் இருந்தால் அது 2000-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட டயர், யோசிக்காமல் கழற்றுங்கள். பல டயர்களில் முழு எண் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் காருக்கு அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஆனதும் ஆண்டுக்கு ஒரு முறை நிபுணரிடம் காட்டுங்கள் என்றும், பத்து ஆண்டுகள் ஆனதும் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்றும் முன்னணித் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். நம் நாட்டு வெயிலுக்கு நான் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அளவு என்னும் கணக்கு

அடுத்தது அளவு. தொடக்க கால எம்.ஜி.பி. கார்கள் 5.60-14 என்ற கிராஸ்பிளை டயருடன் வந்தன. அதில் உள்ளிருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். பின்னர் 155, 165 அளவு ரேடியல் டயர்கள் வந்தன. ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் செல்ல, அவற்றின் மேல் எஃகு அல்லது நூல் பட்டை சுற்றியிருக்கும். மிஷ்லின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற முறை இது. சாலையைப் பிடித்துக்கொள்வதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரே காரில் இரண்டையும் கலந்து மாட்டவே கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் இருந்தால் வளைவில் பின்பக்கம் திடீரென்று வழுக்கிக்கொண்டு சுழலும்.

'165 ஆர் 14' என்றால் என்ன? டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். ரிம்மின் விட்டம் 14 அங்குலம். இன்றைய டயர்களில் வரும் 70, 60 போன்ற எண் இதில் இல்லை. அது பக்கச் சுவரின் உயரத்தை அகலத்தில் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் எண். அது குறிக்கப்படாத பழைய ரேடியல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு என்று கொள்ளலாம்.

இப்போது கணக்கு. 165-இல் 80 விழுக்காடு 132. மேலும் கீழும் சேர்த்து 264. 14 அங்குலம் என்பது 355.6 மில்லிமீட்டர். கூட்டினால் மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர்.

165 அகலத்தில் கார் டயர் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. எனவே கடைக்காரர் வேறு அளவு காட்டுவார். 185/70 ஆர் 14 என்றால் மொத்த உயரம் 614.6. ஐந்து மில்லிமீட்டர்தான் வேறுபாடு, ஏற்கலாம். 195/60 ஆர் 14 என்றால் 589.6. முப்பது மில்லிமீட்டர் குறைவு, அதாவது ஏறக்குறைய ஐந்து விழுக்காடு. கார் 15 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். மீட்டர் 110 காட்டும்போது கார் உண்மையில் 105-ஐ ஒட்டித்தான் போகும். இஞ்சின் எப்போதும் கூடுதலாகச் சுற்றும்.

ரிம்மின் அகலமும் முக்கியம். மாமாவின் காரில் இருப்பது 4.5 அங்குல அகலமுள்ள ஸ்போக் ரிம். 185/70 டயருக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அகலமே 4.5 அங்குலம்தான். 195/60-க்குக் குறைந்தது 5.5 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் பக்கச் சுவர் உள்நோக்கி மடிந்து, வளைவில் கார் தள்ளாடும். அகலமான டயர் போட்டால் பிடிமானம் தானாகக் கூடிவிடும் என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். காரின் ஸ்டியரிங் வேறு கனமாகிவிடும். அந்தக் காலக் காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது.

இன்னொரு பொறியும் உண்டு. "165 தானே வேணும், இருக்கு" என்று வேன் டயரைக் கொண்டுவருவார்கள். அளவின் இறுதியில் 'சி' என்ற எழுத்து இருந்தால் அது சரக்கு வாகன டயர். அதிக எடையையும் அதிக காற்றழுத்தத்தையும் தாங்கச் செய்யப்பட்டது. ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு அது மரக்கட்டை போல இருக்கும். மழையில் பிரேக் பிடித்தால் தெரியும்.

வேகக் குறியீட்டையும் பாருங்கள். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, எச் 210. எம்.ஜி.பி.க்கு எஸ் போதும். எச் கிடைத்தால் நல்லதே. இன்று மிஷ்லின், பைரெல்லி போன்ற நிறுவனங்கள் பழைய தோற்றத்திலேயே, ஆனால் புதிதாகத் தயாரித்த டயர்களை விற்கின்றன. விலை அதிகம்தான். நான் ஐந்து மாதம் சேமித்து ஐந்து டயர் வாங்கினேன். நான்கு அல்ல, உதிரியோடு சேர்த்து ஐந்து.

மாட்டும் கலை

நல்ல டயரை வாங்கித் தவறாக மாட்டினால் பயனில்லை. ஸ்போக் ரிம் உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

பழைய ஸ்போக் ரிம்மில் கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதால் காற்று நிற்காது. எனவே டியூப் கட்டாயம். டயர் மாற்றும்போதெல்லாம் புதிய டியூப் போடுங்கள். ரேடியலுக்கு உரிய, சரியான அளவு டியூபாக இருக்க வேண்டும். கம்பி முனைகள் டியூபைக் குத்தாதபடி ரிம்மைச் சுற்றி ரப்பர் பட்டை போட வேண்டும். டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகித வில்லைகளை உரித்தெடுத்து, டால்க் பவுடர் தூவி மாட்டச் சொல்லுங்கள். ஒரு சிறு வில்லை உராய்ந்து உராய்ந்தே டியூபைக் கிழித்துவிடும். டியூப் கிழிந்தால் காற்று மெல்ல இறங்காது, ஒரே மூச்சில் போய்விடும்.

டயர் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சமன் செய்யும் இயந்திரத்தில் இந்த ரிம்மைப் பொருத்துவதற்கு, அதன் நடுத்துளைக்கு ஏற்ற கூம்பு வேண்டும். அது இல்லாத கடையில் சமன் செய்தால், இயந்திரம் சரி என்று காட்டும், கார் நடுங்கும்.

இந்த ரிம்மில் நான்கு நட்டுகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு பெரிய திருகு மூடிதான். காரின் இடப்பக்கத்தில் அது வழக்கமான மரையில் இருக்கும். வலப்பக்கத்தில் எதிர் மரை. கார் முன்னோக்கி ஓடும்போது மூடி தானாக இறுகுவதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாத இளம் தொழிலாளி வலப்பக்க மூடியை வழக்கமான திசையில் 'கழற்ற' முயன்றால் மேலும் இறுக்கிவிடுவார். கழற்றும் திசை மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், காட்டுங்கள். உள்ளே உள்ள பல்வரிசையைத் துடைத்துக் கிரீஸ் பூசி மாட்டி, செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

புதிய டயரின் மேல் வழுவழுப்பு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், மழையில் கூடுதல் நிதானம்.

காற்று எவ்வளவு?

இன்றைய கார்களுக்குப் பழகிய கடைக்காரர் கேட்காமலேயே 220 கிலோபாஸ்கல் அடித்துவிடுவார். அதாவது 32 பிஎஸ்ஐ. மாமாவின் கையேட்டில் இருப்பது முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. பெட்ரோல் நிலையக் கருவியின் கணக்கில் 145-உம் 165-உம். மெல்லிய எடையுள்ள காருக்கு அதிகக் காற்று அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையைத் தொடும், கார் துள்ளும். உங்கள் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். டயர் மாறியிருந்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிப் பார்க்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாட்டை மாற்றாதீர்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

நேயர்கள் கேட்டவை

"டயருக்குப் பளபளப்பு திரவம் பூசினால் வெடிப்பு மறையுமே?" என்று ஒருவர் கேட்டார். மறையும், போகாது. மறைந்த வெடிப்பு தெரியும் வெடிப்பைவிட ஆபத்து.

"கடையில் புதிதாக வாங்கினால் வயது பார்க்க வேண்டுமா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். கட்டாயம் பார்க்க வேண்டும், அம்மா. அதிகம் விற்காத அளவு என்பதால் கிடங்கிலேயே பல ஆண்டுகள் கிடந்திருக்கலாம். பணம் கொடுக்கும் முன் நான்கு எண்களைப் படியுங்கள். பழையது என்றால் நாகரிகமாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் என்ன செய்வது?" என்பது இன்னொரு கேள்வி. ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையைத் தொடும் இடம் தட்டையாகிவிடும். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை காரை வெளியே எடுத்து இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே இஞ்சினை முடுக்கிவிடுவது டயருக்கு உதவாது. நிழலில் நிறுத்துங்கள். நீண்ட நாள் வெளியூர் போவதென்றால் காரைத் தாங்கிகளில் ஏற்றி வைப்பது நல்லது.

வாசகர்களே, பழைய காரை வைத்திருப்பவர்களில் பலர் சாயத்துக்கும் தோல் இருக்கைக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழிக்கிறார்கள். அந்தக் காரைச் சாலையில் பிடித்து வைத்திருப்பது நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அதன் மேல்தான் நாமும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் போகிறோம்.

இந்த வாரமே ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு காரிடம் போங்கள். உதிரி உட்பட ஐந்து டயர்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, சாலை வரி பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். தினமும் ஓட்டும் காராக இருந்தாலும் பாருங்கள். அதன் உதிரி டயரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அக்காள் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். மாமாவின் காரில் ஏறும் முன் இன்றும் பின் டயரை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். நான் தடுப்பதில்லை.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.